ஹயெக்கின் சந்தையும் பழைமைவாதிகளின் அரசும்

பிரெடெரிக் ஹயெக் 1960ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘சுதந்திரத்தின் யாப்பு’ என்னும் நூலின் பின்னுரைக்கு ‘நான் ஏன் பழைமைவாதியல்லன்’ என்று தலைப்பிட்டார். பழைமைவாதி மாற்றத்தை அஞ்சுபவன், தனக்கெனக் கோட்பாடில்லாதவன், அதிகாரம் நல்லவர் கையிலிருப்பின் அதன் எல்லையைப் பற்றிக் கவலைப்படாதவன், தேசியவாதத்தின்பால் எளிதிற் சாய்பவன். இவையே அவர் சுமத்திய குற்றங்கள். ஆயினும் அவரது கருத்துக்களை ஆட்சிக் கொள்கையாக ஏற்றவர்களுள் முதன்மையானவர், 1979இல் பிரித்தானியப் பிரதமரான பழைமைவாதக் கட்சித் தலைவி மார்கரெட் தட்சரே. தாம் மறுத்தவர்களின் கையிலேயே ஹயெக்கின் சிந்தனை சென்று சேர்ந்தமை தற்செயலன்று என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

முற்போக்காளர் ஹயெக்கை முதலாளித்துவத்தின் ஊதுகுழல் எனக் கூறி ஒதுக்குவதுண்டு. அது போதாது. சமுதாயத்தின் பொருளியல் அறிவு எந்தத் திட்டமிடல் அலுவலகத்திலும் ஒருங்கே திரண்டிருப்பதில்லை, எண்ணற்ற மனிதரிடையே சிதறிக் கிடக்கின்றது, விலையே அதனைத் தொகுத்துத் தருகின்றது என அவர் 1945இல் எழுதிய வாதம் வலுவானது. 1970 - 77 காலப்பகுதியில் மாவட்டங்களுக்கிடையே அரிசி கொண்டுசெல்வதற்கு விதிக்கப்பட்ட தடைகளை அறிந்த இலங்கையருக்கு அது புதிதாகத் தோன்றாது. மேலும், 1944இல் வெளிவந்த ‘அடிமைத்தனத்துக்கான பாதை’யில், உணவு, உடை, உறையுள் ஆகியவற்றின் குறைந்தபட்ச அளவை அனைவருக்கும் உறுதிப்படுத்துவதை ஹயெக் ஏற்றுக்கொள்கிறார். அவரது சீடர்கள் அப்பக்கத்தை நினைவூட்டுவது அரிது.

வாதம் தளர்வது விலையின் தோற்றுவாயை வினவும்போதேயாம். இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய 1970களில் யாழ்ப்பாணக் குடாநாட்டு விவசாயிகள் செத்தல் மிளகாயினாலும் வெங்காயத்தினாலும் நல்ல வருவாய் பெற்றனர். 1977 நவம்பர் வரவு செலவுத் திட்டத்துடன் இறக்குமதி தளர்த்தப்பட்டது. சந்தைக்கு இறக்குமதிப் பண்டம் வந்தது. விவசாயியின் விலை வீழ்ந்தது. ஹயெக்கின் மொழியிற் கூறின், அவ்விலை விவசாயிக்குக் கிடைத்த ஒரு செய்தி. ஆனால் முந்திய உயர்ந்த விலையைப் போலவே பிந்திய தாழ்ந்த விலையும் கொழும்பில் எடுக்கப்பட்ட அரசியல் முடிவினாலேயே பிறந்தது. முன்னையது செயற்கை விலை, பின்னையது இயல்பான விலை எனச் சந்தைவாதி விடைகூறுவார். அவ்வாறே கொள்வோம். எனினும், தனிமனிதன் தன் வாழ்வைத் திட்டமிடக்கூடியவாறு அரசின் விதிகள் முன்கூட்டியே அறியத்தக்கனவாய் இருத்தல் வேண்டும் என்பது ஹயெக்கின் சொந்த அளவுகோல். பழைய விதியை நம்பிக் கடன்பட்டு நீரிறைக்கும் இயந்திரம் வாங்கியவனுக்கு அவ்வளவுகோல் பயன்படவில்லை. சந்தைக்குச் செல்லும் பாதையைத் திறப்பதும் மேலிருந்து செய்யப்படும் திட்டமிடலே என்பதை ஹயெக் போதிய அளவு கவனிக்கவில்லை.

அத்தகைய மாற்றத்தை நடத்துவதற்கு வலிய அரசு வேண்டும். திறந்த பொருளாதாரத்தைக் கொணர்ந்த ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் ஐக்கிய தேசியக் கட்சி, ‘தர்மிஷ்ட சமுதாயம்’ என்னும் பழைமையின் மொழியிலேயே மக்களிடம் பேசியது. 1978இல் நிறைவேற்று அதிகாரங்கொண்ட சனாதிபதி முறை வந்தது. 1980 யூலை வேலைநிறுத்தத்தில் ஈடுபட்ட ஏறத்தாழ 40,000 பேர் வேலையிழந்தனர். 1982 டிசெம்பரில் பொதுத்தேர்தலுக்குப் பதிலாகச் சர்வசன வாக்கெடுப்பு நடத்தப்பட்டுப் பாராளுமன்றத்தின் ஆயுள் நீடிக்கப்பட்டது. பங்கீட்டு அரிசியின் இடத்தில் 1979இல் வந்த உணவு முத்திரைகளின் ரூபாப் பெறுமதி, ஏறிய விலைகளுக்கேற்ப உயர்த்தப்படவில்லை. ஹயெக் ஒப்புக்கொண்ட குறைந்தபட்சமே தேய்ந்தது. இவற்றை ஹயெக்கின் தலையில் ஏற்றுதல் தகாது எனலாம். ஆயின் 1981இல் சிலி நாட்டுப் பத்திரிகையொன்றுக்கு அளித்த பேட்டியில், தாராண்மையற்ற சனநாயக அரசிலும் தாராண்மை தழுவும் சர்வாதிகாரியே தமக்கு விருப்பமானவர் என்று கூறியவரும் அவரே. அதிகாரத்தின் எல்லை பற்றிய கவலையின்மையைப் பழைமைவாதியின் குறையாகக் கண்டவர், இங்கு அவனருகே வந்து நிற்கிறார்.

2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடன் மீளளிப்பை இடைநிறுத்திய பின்னர் சந்தைவாதம் மீண்டும் வலுப்பெற்றுள்ளமையால், நியூற்றன் குணசிங்க 1980களில் எழுப்பிய வினா இன்றும் பொருத்தமுடையது. அரசின் பாதுகாப்பை நம்பியிருந்த சிங்களச் சிறு, நடுத்தர உற்பத்தியாளர் 1977இன் பின் அடைந்த வீழ்ச்சிக்கும், இனப்பகைமையின் வளர்ச்சிக்கும் இடையிலுள்ள தொடர்பை அவர் ஆராய்ந்தார். 1983 யூலை வன்செயல்களைப் பொருளாதாரக் கொள்கையொன்றினால் மட்டும் விளக்க முடியாது. அவற்றின் வேர்கள் 1977இலும் பழையவை. ஆயினும் பாதுகாப்பை இழந்தவனுக்கு, விலைக்குப் பதிலாக அயலவனைப் பகையாகக் காட்டுவது அரசியல்வாதிக்கு எளிதாயிற்று. ஹயெக்கின் பின்னுரை தேசியவாதத்தைப் பழைமைவாதியின் மனச்சாய்வாக மட்டுமே காண்கிறது. சந்தை மாற்றத்தின் நடுவே அது பெருகுவது ஏன் என்ற வினாவுக்கு அங்கே இடமில்லை.