டன் கணக்கில் ஒரு பிழை

கம்பைநல்லூரில் எங்கள் தெருவிற்குக் காலையில் வரும் தள்ளுவண்டியின் பக்கவாட்டில் ஒரு சாக்கு தொங்கும். வண்டி தள்ளும் அம்மையார் நாம் நீட்டும் வாளியைக் கவிழ்க்கும்போதே புட்டி, அட்டை, தகரம் ஆகியவற்றைப் பொறுக்கி அதனுள் போட்டுவிடுவார். பழைய இரும்புக் கடையில் அவற்றிற்கு விலை உண்டு. அந்தச் சாக்கை நினைவில் வைத்துக்கொண்டு என்னுடன் சென்னைக்கு வாருங்கள்.

2000ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சி மூன்று மண்டலங்களின் துப்புரவுப் பணியை ஓனிக்ஸ் என்னும் தனியார் நிறுவனத்திடம் ஏழாண்டுகளுக்கு ஒப்படைத்தது. கூலி டன் கணக்கில் வழங்கப்பட்டது. 2007இல் பணி நீல் மெட்டல் பனால்கா நிறுவனத்திற்கு மாறியபோதும் அதே டன் கணக்குத்தான். தெருக்கள் முன்னைவிடத் தூய்மையாயின எனப் பலரும் மகிழ்ந்தனர். அதை நான் மறுக்கவில்லை. என் குறையெல்லாம் அளவீட்டைப் பற்றியது.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் புட்டியின் எடை சுமார் 25 கிராம். ஒரு கன மீட்டர் கொள்ளளவுள்ள வண்டியில் இடைவெளியின்றி அடுக்கினாலும் 1,000 புட்டிகளுக்கு மேல் கொள்ளாது. ஆக மொத்தம் 25 கிலோகிராம். அதே வண்டியை மண்ணால் நிரப்பினால் ஏறத்தாழ 1,500 கிலோகிராம். வண்டி அதே வண்டி, பயணமும் அதே பயணம். கூலி மட்டும் அறுபது மடங்கு! எடைமேடைக்கு மண்ணும் குப்பைதான். இத்தகைய ஒப்பந்தத்தில் புட்டியைத் தேடிப் பொறுக்க யார் முன்வருவார்? அடர்த்தி என்னும் எளிய பாடத்தை மறந்ததன் விளைவு இது.

நீரின் கதை இன்னும் வேடிக்கையானது. ஒரு பழைய செய்தித்தாளை நிறுத்து, நீரில் நனைத்து, சொட்டு வடிந்தபின் மீண்டும் நிறுத்துப் பாருங்கள். கூடிய எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். காய்கறிக் கழிவோடு தாளையும் சேர்த்து அழுத்தும் வண்டியில் இதுவே நிகழ்கிறது. தாளின் மதிப்பு போய்விடுகிறது. மாநகராட்சியோ காய்கறியிலும் தாளிலும் உள்ள நீருக்கும் டன் கணக்கில் பணம் கொடுக்கிறது. ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,260 கிலோஜூல் வேண்டும் என்பது உங்கள் பாடநூலிலேயே உள்ளது. பின்னர் அதை உலர்த்தும் செலவு யாருடையது?

அலுமினியத்தை எடுத்துக்கொள்வோம். தாதுவிலிருந்து அதைப் பிரித்தெடுக்கத் தேவைப்படும் ஆற்றலில் சுமார் 5 விழுக்காடு போதும், பழைய அலுமினியத்தை உருக்கி மீண்டும் பயன்படுத்த. இந்தச் சேமிப்பு எந்த எடைமேடையிலும் தெரியாது.

2016இல் வெளியான திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையை வீட்டிலேயே மக்குவது, மக்காதது, தீங்கு பயப்பது என மூன்றாகப் பிரிக்கச் சொல்லின. நல்ல விதிதான். ஆனால் இல்லத்தரசி பிரித்துக் கொடுத்ததை வண்டி ஒன்றாகக் கலந்துவிட்டால் விதி தாளோடு நின்றுவிடும். 2020இல் சென்னை மாநகராட்சி உர்பேசர் சுமீத் நிறுவனத்துடன் செய்த ஒப்பந்தத்தில் டன்னை விட்டுச் செயல்திறன் குறியீடுகளுக்கு மாறியது. காலங்கடந்த மாற்றமெனினும் வரவேற்கத்தக்கது.

புனே நகரத்தார் வேறு வழி கண்டனர். அங்கு 2008 முதல் குப்பை பொறுக்குவோரே உறுப்பினராக உள்ள 'ஸ்வச்' கூட்டுறவு அமைப்பு வீடுதோறும் சென்று குப்பை வாங்குகிறது. வீட்டார் மாதக் கட்டணம் தருகின்றனர். விற்கத்தக்க பொருள் பொறுக்கியவருக்கே சொந்தம். எங்கள் தெருச் சாக்கு அங்கே ஒப்பந்தத்திற்குள் வந்துவிட்டது எனலாம்.

2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களைத் தனியாருக்கு அளிப்பதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகையின் முன் பல நாள் அமர்ந்திருந்ததும், 13ஆம் நாள் இரவு காவலர்களால் அகற்றப்பட்டதும் உங்களுக்கு நினைவிருக்கும். பிரிக்கும் கைகளுக்குக் கூலி குறைந்தால் பிரிப்பும் குறையும். இதை இரக்கத்தால் சொல்லவில்லை. வேலையின் இயல்பே அதுதான்.

உங்கள் ஊரிலும் ஒப்பந்தப்புள்ளி கோரப்படும்போது அந்த ஆவணத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கூலி எந்த அலகில், எடையைப் பதிவு செய்பவர் யார், கிடங்கிற்குப் போகும் மிச்சம் குறைந்தால் ஒப்பந்தக்காரருக்கு ஆதாயமா நட்டமா என்று பாருங்கள். பெரும்பாலும் இவை ஆவணத்தின் கடைசிப் பக்கங்களில், பொடி எழுத்தில் இருக்கும்.