ஊர்காண் காதையில் வழிகாட்டல்: கோவலன் கண்ட மதுரையும் காணாத மதுரையும்

சிலப்பதிகாரத்தின் முப்பது காதைகளுள் நாடுகாண் காதை, காடுகாண் காதை, ஊர்காண் காதை ஆகிய மூன்றும் காணுதலைப் பெயரிலேயே தாங்கியவை. புகாரை நீங்கி மதுரையை அடையும் பயணம் இம்மூன்றாலும் பகுக்கப்பட்டுள்ளது. நாட்டையும் காட்டையும் கடக்கையில் கவுந்தியடிகள் உடன் வருகிறார். காட்டு வழியின் தொடக்கத்தில் மாங்காட்டு மறையோன் எதிர்ப்படுகிறான். ஊரைக் காணும்போது மட்டும் கோவலன் தனியனாகிறான். ஊர்காண் காதை, பண்டைய நகர அமைப்புக்கும் வணிக வரலாற்றுக்கும் சான்று எடுத்துத் தரும் களஞ்சியமாகவே பெரிதும் பயிலப்பட்டு வந்துள்ளது. கதையோட்டத்தில் அதற்குள்ள இடம் அந்த அளவுக்கு எடைபோடப்படவில்லை. புதிய ஊருக்கு வந்தவனுக்கு அவ்வூரைக் காட்டித் தருபவர் யார் என்னும் வினாவை முன்வைத்து அக்காதையை இக்கட்டுரை மீள்வாசிப்புச் செய்கிறது.

வழிகாட்டுவோரும் வழி கேட்போரும்

வழிகாட்டியுடன் நகரைக் காணும் காட்சி இக்காப்பியத்தில் முன்னரே இடம்பெற்றுவிடுகிறது. கடலாடு காதையில் வெள்ளிமலையின் விஞ்சையன் ஒருவன் தன் காதலிக்கு இந்திரவிழாவைக் காட்டப் புறப்படுகிறான். இமயம், கங்கை, உஞ்சை, விந்தம், வேங்கடம், காவிரி எனச் சுட்டியவாறு வந்து புகாரை அடைகிறான். அங்குள்ள மன்றங்களைக் காட்டி, மாதவி ஆடும் பதினோராடல்களையும் ஒவ்வொன்றாக விளக்குகிறான். தான் காண்பது இன்னது என்று அறிந்தே அவன் காதலி காண்கிறாள். நகரம் அவளுக்கு எந்தத் தீங்கும் செய்வதில்லை. வேடிக்கை பார்க்க வந்து மகிழ்ந்து திரும்பும் பேறு வானோர்க்கே வாய்க்கிறது என்பதையும் இங்கே கருதலாம்.

மாங்காட்டு மறையோனின் வழிகாட்டல் வேறு தன்மையது. கொடும்பாளூர் நெடுங்குளத்தருகே சிவபெருமானின் சூலம் போல் மூன்றாகக் கிளைக்கும் நெறிகளை அவன் விரிக்கிறான். வலப்பக்க வழியின் வறட்சியையும், இடப்பக்க வழியில் திருமால்குன்றத்துப் பிலத்தையும் அதன் பொய்கைகளையும் கூறுகிறான். இடைப்பட்ட வழி செவ்விது எனினும் அதில் மயக்கும் தெய்வம் ஒன்று உண்டு என்று எச்சரிக்கவும் செய்கிறான். பிலத்து வழியின் பயன்களைக் கவுந்தியடிகள் சமண நெறிநின்று மறுத்துவிடுகிறார். இதனால் மறையோனின் பேச்சைச் சமய வாதத்தின் ஒரு பகுதியாக மட்டும் கொள்ளும் போக்கு எளிதில் எழுகிறது. ஆனால் அவன் சொல் வீணாகவில்லை. கானுறை தெய்வம் வசந்தமாலை உருக்கொண்டு நீர்த்துறையில் வந்து நின்றபோது, கோவலன் மறையோன் கூறியதை நினைவுகூர்ந்து மந்திரம் உரைத்துத் தப்புகிறான். அவ்விடத்தை அறிந்த ஒருவனின் சொல் முன்னரே செவியில் விழுந்திருந்தமையால் பொய்யுரு பொய்யென்று புலனாயிற்று. கோவலனின் பயணத்தில் வழிகாட்டல் பயன்பட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

காட்டில் ஒருமுறை ஏமாறாமல் தப்பியவன் நகரில் ஏமாறுகிறான். இளங்கோவடிகள் இவ்விரு நிகழ்வுகளையும் அருகருகே வைக்காமல் இடையே ஊர்காண் காதையை வைத்திருப்பது கருதத்தக்கது.

மகிழ்ந்து திரும்பியவன்

ஊர்காண் காதையின் தொடக்கத்தில் கோவலன் கவுந்தியடிகளிடம் தன் நோக்கத்தைச் சொல்கிறான். நகர வணிகர்க்குத் தன் நிலையை உணர்த்தி வரும்வரை கண்ணகியைக் காத்தருள வேண்டும் என்பது அவன் வேண்டுகோள். இராமன், நளன் கதைகளைக் கூறி ஆற்றுப்படுத்தும் அடிகளும், தங்குதற்குப் பொருந்தும் இடம் அறிந்து வருமாறு விடை தருகிறார். செய்யவேண்டிய பணிகள் இரண்டு. அவற்றுள் ஒன்றேனும் நிறைவேறியதாகக் காதை கூறவில்லை.

யானைத்திரள் செல்லும் சுருங்கை வழியின் அருகே சென்று, வாயில் காக்கும் யவனர் ஐயுறாதவாறு கோவலன் நகருள் புகுகிறான். இந்திரனின் அணிகலப் பேழையைத் திறந்தாற்போல மதுரை தோன்றுகிறது. பரத்தையர் வீதிகளையும் அவற்றினூடாக விரியும் ஆறு பருவங்களையும் தொடர்ந்து அங்காடி வீதி, மணி வீதி, பொன் வீதி, அறுவை வீதி, கூல வீதி எனக் காட்சிகள் அடுக்கப்படுகின்றன. வணிகர் வீதிகள் அனைத்தையும் கடந்தும் ஒரு வணிகரோடேனும் கோவலன் பேசியதாகக் குறிப்பில்லை. வெயில் நுழையாத கொடி நிழலில் திரிந்து, ஊரைக் கண்ட மகிழ்ச்சியோடு புறஞ்சேரிக்கு மீள்கிறான். அடைக்கலக் காதையில் கவுந்தியடிகளிடம் அவன் கூறுவதும் மதுரையின் சிறப்பும் பாண்டியன் கொற்றமுமே. கதிரவன் மறையுமுன் நகருக்குள் செல்லுமாறு மாடலனும் அடிகளும் அவனைத் தூண்ட வேண்டியிருப்பதே முதல் வரவு பயனின்றி முடிந்ததைக் காட்டுகிறது.

இதனை நகரப் புனைவு மரபின் விளைவு என்று கூறி ஒதுக்கலாம். 782 அடிகளைக் கொண்ட மதுரைக்காஞ்சியிலும் அங்காடியும் வீதியும் விழவும் விரிகின்றன. எனினும் மாங்குடி மருதனாரின் பாட்டில் நகரைக் காண்பவன் என ஒரு பாத்திரம் இல்லை. நெடுஞ்செழியனுக்கு அவன் நகரமே எடுத்துரைக்கப்படுகிறது. உடையவனுக்கு வழிகாட்டி வேண்டுவதில்லை. இளங்கோவடிகள் அம்மரபை எடுத்து ஓர் அயலானின் கண்களுக்குள் வைத்துவிடுகிறார். மரபு ஒன்றே, ஆயினும் பொருள் மாறிவிடுகிறது.

மணி வீதிப் பகுதி இம்மாற்றத்தை நன்கு காட்டும். வயிரத்தின் குற்றங்களும் பிற மணிகளின் இயல்புகளும் அங்கே நுணுக்கமாகச் சொல்லப்படுகின்றன. பொன் வீதியில் சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என்னும் நால்வகைப் பொன்னும் இன்ன இடத்தில் உள என்று வாங்குவோர் மயங்காமல் அறியக் கொடி எடுத்திருக்கிறார்கள். பொன்னை இனங்காட்டும் நகரம் பொன்செய்வோனை இனங்காட்டவில்லை. வணிகர் குடிப்பிறந்த கோவலனுக்கு மணியின் குற்றம் தெரிந்திருக்கும். மாந்தரின் குற்றம் ஊராரைக் கேட்டால் மட்டுமே தெரிந்திருக்கக் கூடியது.

கொடிகளைப் பற்றி இன்னுமொன்று கூறவேண்டும். புறஞ்சேரி இறுத்த காதையின் இறுதியில் மதிற்கொடிகள் கையசைத்து வரவேண்டாம் எனத் தடுப்பனபோல் அசைகின்றன. வையை மலராடையால் கண்ணீரை மறைக்கிறது. மறுநாள் அதே நகரின் கொடிகள் கோவலனுக்கு நிழலாகின்றன. மதுரை தன் விருந்தினனுக்குத் தந்த முதல் அறிவுரை கொடிகளின் மொழியிலேயே இருந்தது. அதைக் கற்போர் அறிகின்றனர், கோவலன் அறியவில்லை.

பீடிகைத் தெருவில் கிடைத்த வழிகாட்டி

கொலைக்களக் காதையில் கோவலன் மீண்டும் நகருக்குள் செல்கிறான். இமிலேறு ஒன்று எதிரே பாய்கிறது. அது தீநிமித்தம் என்பதை அவன் அறியாமைக்கு, அவன் குலம் அறிந்த செய்தியன்று அது என்னும் காரணம் நூலிலேயே தரப்படுகிறது. இச்சிறு குறிப்பு இக்கட்டுரையின் வாதத்திற்கு இன்றியமையாதது. ஊழ்வினையே கோவலனைக் கொன்றது எனக் காப்பியம் பன்முறை கூறுவது உண்மை. அதனை மறுக்க வேண்டுவதில்லை. ஆயின் ஊழ் செயற்படும் வாயிலாக இங்கே அமைவது, உடன் வாழ்வோர்க்குத் தெரிந்த ஒன்று வந்தேறிக்குத் தெரியாதிருத்தலே ஆகும்.

அடுத்துப் பீடிகைத் தெருவில் சட்டையணிந்து, கையிற் குறடேந்தி, நூறு பொற்கொல்லர் பின்வர ஒருவன் வருகிறான். அவன் அரசனிடம் வரிசை பெற்ற கொல்லன் போலும் எனக் கோவலன் தோற்றத்தைக் கொண்டே முடிவுசெய்கிறான். மதுரையில் அவன் வழி கேட்ட முதல் உள்ளூர் மனிதன் இவனே என்று கூறின் மிகையாகாது. மாதரி அடைக்கலம் தந்தவள். ஆயர்சேரியைக் கடந்த நகரை அவள் அவனுக்குக் காட்டவில்லை. கொல்லனோ பணிவாகப் பேசி, காற்சிலம்பைப் பார்வையிட்டு, அரசனுக்கு அறிவிப்பதாகக் கூறி, தன் சிறுகுடிலின் அருகே இருக்குமாறு இடமும் காட்டுகிறான். நல்ல வழிகாட்டியின் செயல்கள் அத்தனையும் அவனிடம் உள்ளன.

அவன் வழிகாட்டல் அத்துடன் நிற்கவில்லை. காவலர் கோவலனைக் கண்டு, இவன் தோற்றம் கள்வன் தோற்றமன்று என்கின்றனர். உடனே கொல்லன் மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் கள்வர்க்குத் துணையாகும் எட்டையும் விரித்துரைத்து, அவர்கள் கண்டதை வேறாகக் காணச் செய்கிறான். யவனர் ஐயுறாத ஒருவனை ஊர்க்காவலர் ஐயுறுகின்றனர். ஊரைக் காட்சியாகக் கண்டு மகிழ்ந்தவன் இப்போது தானே காட்சிப்பொருளாகி, பிறனொருவன் விளக்கத்தால் கள்வனாகிறான். கடலாடு காதையில் விஞ்சையன் ஆற்றிய தொழிலின் கொடிய மறுவடிவம் இது.

இன்றைய மதுரையில் வழிகாட்டிகள் வருவோர்க்குக் காட்டும் கோபுரங்களும் மண்டபங்களும் பெரும்பாலும் பிற்காலப் பாண்டியர், நாயக்கர் காலத்தவை. கோவலன் வெட்டுண்ட இடமென மக்கள் வழக்கில் வழங்கும் கோவலன் பொட்டல் பழங்காநத்தத்தை ஒட்டி ஒதுங்கிக் கிடக்கிறது. அங்குத் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை அகழாய்வும் நிகழ்த்தியுள்ளது. இலக்கிய மதுரையை இன்றைய வீதிகளின் மேல் அப்படியே பொருத்துவது ஆய்வுக்குப் பொருந்தாது. ஆயினும் ஊர்ப்பெயரில் தங்கிவிட்ட இந்நினைவு, வழிகாட்டப்படாத விருந்தினனை அவ்வூர் மறக்கவில்லை என்பதற்குக் குறியாக நிற்கிறது.

மதுரையைப் பற்றி முழுதும் அறிந்த வழிகாட்டி காப்பியத்தில் ஒருவர் உண்டு. அழற்படு காதையில் நகரம் எரிந்தபின், நகர்த்தெய்வமாகிய மதுராபதி கண்ணகியின் எதிரே வர அஞ்சிப் பின்புறமாக வந்து நிற்கிறாள். பாண்டியரின் செங்கோல் வரலாற்றையும், முற்பிறப்பில் சங்கமன் கொலையுண்ட செய்தியையும் கட்டுரை காதையில் எடுத்துரைக்கிறாள். கோவலன் வீதிவீதியாகத் திரிந்தபோது வாராத அத்தெய்வத்தின் சொல்லைக் கேட்டுவிட்டு, கணவனொடு கீழ்த்திசை வாயிலில் புகுந்த கண்ணகி மேற்றிசை வாயில் வழியே தனியளாக நகரை நீங்குகிறாள்.