மீதி ஒரு துளி

ஒரு கருவியைப் பற்றி அபிப்பிராயம் கேட்க வேண்டுமானால், அதை ஆசையாக வாங்கியவனிடம் கேட்கக் கூடாது. அதனால் தன் பிழைப்புப் போய்விடுமோ என்று பயப்படுகிறவனிடம் கேட்க வேண்டும். எனக்கு அப்படி ஒருவர் கிடைத்தார். மேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நையாண்டி மேளத்துக்குத் தவில் வாசிக்கிறவர்; பல வருஷப் பழக்கம். ஒரு காலத்தில் பங்குனி, சித்திரை வந்துவிட்டால் அவரை வீட்டில் பார்க்க முடியாது. இப்போது திருவிழாக் கமிட்டிகள் கீபோர்டும் ரிதம் பேடும் வைத்திருக்கிற மெல்லிசைக் குழுக்களுக்கு முன்பணம் கொடுத்துவிடுகின்றன.

அவர் மகனுக்கு, 2011-இல் ஆரம்பித்த அரசாங்கத் திட்டத்தில் ஒரு மடிக்கணினி கிடைத்தது. அதில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனத்தார் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கிய 'பாஸ்' என்ற இயங்குதளமும் இருந்தது. பெரும்பாலான பிள்ளைகள் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. இவன் பார்த்தான். பார்த்ததோடு நிற்காமல், 'ரோஸ்கார்டன்' என்ற சீக்வென்ஸரையும் அதில் இறக்கிக்கொண்டான். காசு கொடுக்க வேண்டியதில்லை என்பது முதல் காரணம். அதை நான் குறைவாகச் சொல்லவில்லை.

சீக்வென்ஸர் பாட்டைப் பதிவு செய்கிற யந்திரம் அல்ல. எந்த ஸ்வரம், எந்தக் கணத்தில், எவ்வளவு அழுத்தமாக, எவ்வளவு நேரம் என்கிற குறிப்பை மட்டும் அது வைத்துக்கொள்கிறது. நம் பக்கத்துக்கு இது புதிதல்ல. அன்றைய மதுரை ஜில்லாவின் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, 1986-இல் 'புன்னகை மன்னன்' படத்திலேயே கணினியின் துணையைக் கொண்டார். ரோஸ்கார்டன் 1993-இல் இங்கிலாந்தின் பாத் சர்வகலாசாலையில் முளைத்தது. பலர் கைபட்டு வளர்ந்து, 2005-இல்தான் தன்னை முழுமை பெற்றதாகச் சொல்லிக்கொண்டது.

குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். அதற்குச் சொந்தக் குரல் கிடையாது. சப்தம் கொடுக்க வேறொரு நிரல், இரண்டையும் இணைக்க இன்னொரு நிரல் என்று சேர்த்துக்கொண்டே போகவேண்டும். பையன் மூன்று இரவுகள் ஊமைத் திரையோடு மல்லுக்கட்டினான். நான்காம் இரவு சப்தம் வந்தது. ஆனால் நாதஸ்வரம் வரவில்லை. 1991-இல் வகுத்த 128 வாத்தியங்களின் பொதுப் பட்டியலில் சிதாருக்கு இடம் இருக்கிறது, ஷெனாய்க்கு இடம் இருக்கிறது, நாதஸ்வரத்துக்கு இல்லை. தாள வாத்தியங்களிலும் தவில் இல்லை. கமகம் வேண்டுமானால் ஸ்வரத்தை வளைக்கிற கோட்டை எலியால் இழுத்து இழுத்து வரைய வேண்டும். தோடியில் ஒரு காந்தாரத்தை அசைப்பதற்குள் பொழுது விடிந்துவிடும்.

ஒரு நாள் பையன் தகப்பனாரை ஒரு ரிதம் பேடில் வாசிக்கச் சொல்லி, அடிகளைக் கணினியில் ஏற்றினான். பிறகு ஒரு கட்டளை கொடுத்தான். முன்னே பின்னே விழுந்திருந்த அடிகளெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் போய் நின்றன. பெரியவர் கேட்டார். முகம் சுண்டிப்போயிற்று.

"எவனோ என்னைய மாதிரியே வாசிக்கிறான்யா. ஆனா அவனுக்குக் கை வலிக்கல போலிருக்கு" என்றார்.

இதைவிடச் சரியான சங்கீத விமர்சனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை. என்னுடைய ஆரம்ப காலத்தில் ஒரு பதிப்பாசிரியர், என் பாத்திரங்களின் மதுரைப் பேச்சையெல்லாம் இலக்கணத் தமிழாகத் திருத்தி அச்சுப் போட்டுவிட்டார். பிழை ஒன்றுகூட இல்லை, ஆள்களைத்தான் காணவில்லை. அன்றைக்கு என் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

ஆனால் பழியை அவசரப்பட்டு யந்திரத்தின் தலையில் கட்டிவிடக் கூடாது. ரோஸ்கார்டனில் இன்னொரு வழியும் இருக்கிறது. எழுத்தில் காட்டுவதை மட்டும் ஒழுங்குபடுத்தி, வாசிப்பைத் தொடாமல் விட்டுவிடலாம். படிக்கிறவனுக்குச் சுத்தமான ஸ்வரக் குறிப்பு. கேட்கிறவனுக்கு வாசித்தவனுடைய கை. எழுதுவது வேறு, வாசிப்பது வேறு என்று இதைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே மற்றக் குறைகளை மன்னிக்கலாம் என்பது என் கட்சி. பையன் திருத்தத்தை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினான். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. தொடையில் தாளம் போட ஆரம்பித்தார்.

பிறகு அவருக்கே சுவாரசியம் வந்துவிட்டது. ஒரு தட்டை அது எத்தனையாகப் பிரிக்கும் என்று கேட்டார். 960 துளிகள் என்றான் பையன். சதுஸ்ரத்துக்கு 240, திஸ்ரத்துக்கு 320, கண்டத்துக்கு 192. எல்லாம் கணக்காக வந்தன. "மிஸ்ரம்?" என்றார் பெரியவர். பையன் ஏழால் வகுத்தான். ஏழு 137 போக ஒரு துளி மிச்சம்.

நிமிஷத்துக்கு அறுபது தட்டு என்று வைத்துக்கொண்டாலும், ஒரு துளி என்பது விநாடியில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. எந்தக் காதுக்கும் அது எட்டாது. அந்தத் துளியைக் காட்டி யந்திரத்தைக் குறை சொன்னால் அது வெறும் வம்பு. பெரியவருக்கும் அது தெரியும். இருந்தாலும் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "அந்த மீதிய நான் வச்சுக்கிர்றேன்" என்றார்.

இந்த வருஷம் அவருக்கு நான்கு திருவிழாக்கள்தான் கிடைத்தன. போன வருஷத்தைவிட இரண்டு குறைவு. எந்த மென்பொருளும் இதற்குப் பரிகாரம் சொல்லவில்லை. ஆனால் அவர் வாசித்த மிஸ்ர நடைக் கோர்வைகளைப் பையன் ஒவ்வொன்றாக ஏற்றி வைத்துக்கொண்டு வருகிறான். அவற்றில் ஓர் அடியைக்கூட அவன் வரிசையில் நிறுத்தவில்லை.