சொந்த மாட்டுப் பாலும் இரண்டு தீர்ப்புகளும்

"உங்க மாட்டுப் பாலை நீங்களே குடிக்கக்கூடாதுன்னு அமெரிக்க ஜட்ஜ் சொல்லிட்டாராம்!" 2011 செப்டம்பரில் விஸ்கான்சின் நீதிபதி பேட்ரிக் ஃபீட்லர் பிறப்பித்த விளக்க உத்தரவை இன்னமும் இப்படித்தான் சொல்கிறார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பினேன்.

வாசித்துப் பார்த்தால் விஷயம் வேறு. சொந்தப் பசுவின் பாலைக் குடிப்பது 'அடிப்படை உரிமை' அல்ல என்கிறார். அங்கே அது ஒரு கலைச்சொல். அடிப்படை உரிமையில் கைவைக்க அரசு மிக வலுவான காரணம் காட்டணும். மற்றதற்கு நியாயமான காரணமே போதும். அடிப்படை உரிமை இல்லை என்றால் குடிப்பது குற்றம் என்று ஆகிவிடாது. மாநிலச் சட்டம் தடுத்தது காய்ச்சாத பாலின் விற்பனையையும் விநியோகத்தையும்தான்.

அதற்காக நீதிபதியைச் சும்மா விடவும் மனசில்லை. ஜினிகர் பண்ணையில் மாடு ஓரிடத்தில், பங்கு பலர் கையில். அந்தப் பங்கு நிஜ உடைமையா, விற்பனைக்குப் போட்ட முகமூடியா? தீர வேண்டிய கேள்வி இதுதான். அவரோ மாடு வைத்துக்கொள்வது, அதைப் பிறர் பண்ணையில் விடுவது, விரும்பியதை உண்பது என்று வரிசையாக எல்லாவற்றுக்கும் 'இல்லை' போட்டுக்கொண்டே போகிறார். விளக்கம் கேட்டது வாதிகள்தான், ஒத்துக்கிறேன். அதுக்காக இவ்வளவு தூரமா?

கனடாவின் ஒன்டாரியோவில் மைக்கேல் ஷ்மிட் வழக்கு இதைவிட நிதானமானது. 2010ல் விடுதலை, 2011ல் தண்டனை, 2014ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. பங்கு வாங்கியவர்களுக்குக் கிடைத்தது மாட்டின் மீதான உடைமை அல்ல, பாலைப் பெறும் ஒப்பந்தம் மட்டுமே என்று அந்த நீதிமன்றம் ஏட்டுப் பெயரை விட்டுவிட்டு நடைமுறையைப் பார்த்தது. மாடு செத்தால் நட்டம் யாருக்கு என்று கேட்டாலே பாதி விளங்கிவிடும்.

அரசின் கவலை வெறும் சாக்கும் அல்ல. காய்ச்சாத பாலில் வரும் ஈ.கோலி ஓ157 சின்னக் குழந்தைகளின் சிறுநீரகத்தையே செயலிழக்க வைக்கும். பங்குப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டது அந்தக் குழந்தை இல்லையே.

ஆனால் இரண்டு அண்டைவீட்டார் நிஜமாகவே காசு போட்டு ஒரு மாடு வாங்கி, ஒருவர் தொழுவத்தில் கட்டி, தீவனச் செலவையும் நட்டத்தையும் சரிபாதி ஏற்றால்? வேலியைத் தாண்டிப் போகும் அந்த ஒரு செம்புப் பாலை 'விநியோகம்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஃபீட்லரின் வரிகளை வைத்துக்கொண்டு ஓர் அதிகாரி தாராளமாகச் சொல்லிவிடலாம்.