நம்பிக்கையும் நியாயமும்: ‘த போலர் எக்ஸ்பிரஸ்’ திரைப்படம் பற்றிய ஒரு நோக்கு

சிறுவர்க்கெனப் படைக்கப்படும் கலைகளை விமர்சனத்துக்கு அப்பாற்பட்டனவாகக் கருதும் மனப்பாங்கு எம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. பிள்ளைகள் மகிழ்ந்தனரா இல்லையா என்ற வினாவோடு அவை பற்றிய பேச்சு முடிந்துவிடுகின்றது. ஆயினும், ஒரு சமூகம் எதனை நம்புகின்றது, எதனை நம்பிக்கொண்டிருக்க விரும்புகின்றது என்பதைத் தன் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதைகளிலேயே ஒளிவுமறைவின்றி வெளிப்படுத்துகின்றது. இவ்வகையில், 2004ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியாகி, இன்றுவரை நத்தார்க் காலந்தோறும் குடும்பங்கள் கூடியிருந்து பார்க்கும் படமாக நிலைபெற்றுவிட்ட ‘த போலர் எக்ஸ்பிரஸ்’ எமது கவனத்துக்குரியது. ரொபேர்ட் செமெக்கிஸ் நெறிப்படுத்திய இப்படம் நம்பிக்கையைப் பற்றியது என்பதை அதனைப் பார்த்த எவரும் கூறுவர். அந்நம்பிக்கை யாருடையது, அது யாரிடம் எதனை வேண்டி நிற்கின்றது என்ற வினாக்களை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கதையைச் சுருக்கமாகக் கூறலாம். 1950களில் மிச்சிகன் மாநிலத்தில் வசதியான இல்லம் ஒன்றிலே வாழும் சிறுவன் ஒருவன், நத்தார் தாத்தா உண்மையிலேயே இருக்கின்றாரா என ஐயுறத் தொடங்குகின்றான். பத்திரிகைப் படங்களைச் சேகரித்து ஒப்பிடுகின்றான். கலைக்களஞ்சியத்தைப் புரட்டி, வடதுருவம் உயிர்கள் அற்ற வெறும் பனிப்பாலை என்பதை அறிந்துகொள்கின்றான். நள்ளிரவுக்கு ஐந்து நிமிடங்கள் இருக்கையில் அவன் வீட்டு வாயிலிலே புகையிரதம் ஒன்று வந்து நிற்கின்றது. அதில் ஏறி வடதுருவஞ் செல்லும் அவன், ஈற்றில் நத்தார் தாத்தாவைக் கண்டு, அவர் வண்டியின் மணியொன்றைப் பரிசாகப் பெற்று மீள்கின்றான். அம்மணியின் ஓசை நம்புவோர்க்கே கேட்கும். பெற்றோருக்கு அது கேட்பதில்லை. காலப்போக்கிலே தங்கைக்கும் கேட்காது போகின்றது. அவனுக்கு மட்டும் முதுமையிலும் கேட்டுக்கொண்டேயிருக்கின்றது.

இப்படத்துக்கு மூலமாக அமைந்தது கிறிஸ் வான் ஓல்ஸ்பேர்க் எழுதி ஓவியந் தீட்டி 1985இல் வெளியிட்ட சித்திர நூலாகும். அடுத்த ஆண்டில் அமெரிக்காவின் கால்டெகொற் விருதைப் பெற்ற அந்நூல் மிகச் சிறியது. நூலையும் படத்தையும் அடுத்தடுத்து நோக்குவோர் இரண்டு வேறுபாடுகளைக் காண்பர். முதலாவது, நூலில் வரும் சிறுவன் ஐயுறுபவன் அல்லன். நத்தார் தாத்தா இல்லை என்பவன் அவனுடைய நண்பன். சிறுவனோ நண்பன் கூறுவது தவறு என்ற உறுதியோடு மணியோசைக்காகக் காத்திருப்பவன். இரண்டாவது, படத்தில் ‘பில்லி’ என்ற பெயரோடு வரும் ஏழைச் சிறுவன் நூலில் இல்லை. ஆக, ஐயத்தையும் வறுமையையும் படமே கதைக்குட் கொணர்ந்துள்ளது. ஒரு சிறு நூலை முழுநீளப் படமாக்கும் தேவையே இவற்றை வேண்டிநின்றது எனலாம். எனினும் ஒரு படைப்பினுள் ஒன்றைக் கொணர்ந்த பின்னர் அதற்குப் பொறுப்புக் கூறவேண்டிய கடப்பாடு படைப்பாளிக்கு ஏற்பட்டுவிடுகின்றது.

கதாநாயகனான சிறுவனின் ஐயம் எத்தகையது? அது அறிவு சார்ந்தது. ‘உண்மையா, பொய்யா?’ என்பதே அவன் வினா. அவன் வீட்டில் நத்தார் மரம் உண்டு, பரிசுகள் உண்டு, அன்பான பெற்றோர் உளர். நத்தார் தாத்தா இல்லையென்று தெளிந்தாலும் மறுநாட் காலையில் அவனுக்குரிய பரிசுகள் மரத்தடியில் இருந்தே தீரும். பில்லியின் ஐயமோ முற்றிலும் வேறானது. தண்டவாளங்களுக்கு அப்பாலுள்ள ஒரு சிறு வீட்டிலிருந்து வரும் அவன், முதலில் வண்டியில் ஏறவே தயங்குகின்றான். ஏறிய பின்னரும் ஏனைய பிள்ளைகளிடமிருந்து விலகிக் கடைசிப் பெட்டியிலே தனித்து அமர்கின்றான். நத்தார் தனக்கு ஒருபோதும் சரிவருவதில்லை என்பதே அவன் கூற்றின் சாரம். நத்தார் தாத்தா இருக்கின்றாரா என்பது அவனது வினாவன்று. இருப்பாராயின் அவர் ஏன் என் வீட்டுக்கு வருவதில்லை என்பதே அவன் உள்ளத்தே கிடக்கும் வினா. முன்னையது உண்மை பற்றிய வினா. பின்னையது நியாயம் பற்றிய வினா. இவ்விரண்டினையும் ஒரே மருந்தாற் குணப்படுத்த முற்படுவதிலேயே இப்படத்தின் அடிப்படைப் பலவீனம் தங்கியுள்ளது.

படத்திலே ரொம் ஹாங்ஸ் ஏற்ற பாகங்களை இவ்விடத்து நினைவுகூரல் பொருத்தமானது. சிறுவனின் உடலசைவுகள், தந்தை, பயணச்சீட்டுகளைத் துளையிடும் நடத்துநர், வண்டிக் கூரையில் வாழும் நாடோடி, கருமி ஸ்க்ரூஜின் உருவிலமைந்த பாவை, நத்தார் தாத்தா என ஆறு பாகங்களும் அவருடையனவே. ஐயுறுபவன், ஐயத்தைக் கிளறுபவர், நம்பிக்கையூட்டுபவர், நம்பப்படுபவர் ஆகிய அனைவரும் ஒரே நடிகரின் உடலிலிருந்து பிறந்தவர்கள். இதனால் படத்தின் மையப் போராட்டம் ஒரு மனிதன் தனக்குள்ளேயே நடத்தும் உரையாடலாக அமைந்துவிடுகின்றது. பில்லியோ இவ்வட்டத்துக்கு வெளியேயிருந்து வருபவன். அவனுடைய உடலசைவுகளும் வேறொரு நடிகருடையவை. நெறியாளர் இதனைத் திட்டமிட்டுச் செய்தார் என வாதிடுவது என் நோக்கமன்று. ஆனால், தன்னுள் தானே பேசித் தீர்க்கத்தக்க ஐயம் ஒன்று; வெளியுலகம் மறுமொழி கூறியேயாக வேண்டிய ஐயம் மற்றொன்று என்பதை இவ்வமைப்பு எமக்கு உணர்த்துகின்றது.

வடதுருவக் காட்சிகள் இதனை மேலும் தெளிவுபடுத்துகின்றன. செங்கற் கட்டடங்களும் இயந்திரங்களும் நிறைந்த பெரியதொரு தொழில்நகராகவே அது காட்டப்படுகின்றது. அங்கே எண்ணற்ற திரைகளின் முன்னமர்ந்து உலகப் பிள்ளைகளின் நடத்தையைக் கண்காணிக்கும் குள்ளர்களையும் காண்கின்றோம். நியூ ஜேர்சியிலுள்ள சிறுவன் ஒருவன் தன் சகோதரியின் தலைமயிரில் சுவிங்கத்தை ஒட்டிய குற்றம் அங்கே விசாரிக்கப்பட்டு மன்னிக்கப்படுகின்றது. இத்துணை நுணுக்கமாக உலகை நோக்கும் கண்களுக்கு, ஆண்டுதோறும் வெறுங்கையோடு விடிந்த பில்லியின் வீடு மட்டும் எவ்வாறு தென்படாது போயிற்று? இவ்வினாவைப் படம் கேட்பதில்லை. பொதிகள் குவிந்த மண்டபத்தில் தன் பெயரெழுதிய பரிசு ஒன்றினை அவன் கண்டெடுக்கின்றான். அதனை நத்தார் தாத்தாவிடமே விட்டுச் செல்லுமாறு கேட்கப்பட, இணங்குகின்றான். வீடு திரும்புகையில் பரிசு அங்கே வந்து சேர்ந்திருக்கின்றது. பல்லாண்டு அநீதி ஒரு பொதியினால் ஈடுசெய்யப்பட்டதாகக் கதை நிறைவெய்துகின்றது.

பயணச்சீட்டுகளில் நடத்துநர் துளையிடும் சொற்களையும் ஒப்புநோக்கல் வேண்டும். கதாநாயகனுக்கு ‘நம்பு’ என்ற பொருள்தரும் சொல் கிடைக்கின்றது. எல்லாம் அறிந்தவன்போற் பேசும் சிறுவனுக்குக் ‘கற்றுக்கொள்’ என்பதும், துணிவும் அன்புமுள்ள கறுப்பினச் சிறுமிக்கு ‘தலைமை ஏல்’ என்பதும் கிடைக்கின்றன. பில்லியின் சீட்டிலோ பிறரைச் சார்ந்து நில், பிறரை நம்பியிரு எனப் பொருள்படும் சொற்கள் மாறிமாறித் தோன்றுகின்றன. வசதியுள்ளவனுக்கு விசுவாசமும் வறியவனுக்குச் சார்பும் உபதேசிக்கப்படுவதை வெறுந் தற்செயலெனத் தள்ளிவிட முடியவில்லை. கைவிடப்பட்டுப் பழகிய பிள்ளைக்குப் பிறரை நம்பக் கற்பித்தல் நற்செயலே. ஆயினும் நம்பியவனைக் கைவிடாதிருக்கும் பொறுப்பு யாருடையது என்ற மறுபக்கத்தையும் எவரேனும் ஒரு சீட்டிலே துளையிட்டிருத்தல் வேண்டும்.

மணியைப் பற்றிய நிபந்தனையிலும் இத்தகைய இடர்ப்பாடு உண்டு. அருகில் நிற்கும் சிறுமி மணிகளின் ஓசையில் மகிழ்ந்து நிற்க, கதாநாயகனின் செவியில் எதுவும் விழுவதில்லை. தான் நம்புவதாகக் கண்களை மூடிச் சொன்ன பின்னரே கேட்கின்றது. நாடக நோக்கில் இது படத்தின் மிகச் சிறந்த கணங்களுள் ஒன்று. காட்சியை முன்வைத்து நம்பிக்கையைப் பெறாமல், நம்பிக்கையை முன்வைத்துக் காட்சியைத் தருகின்றது. ஆனால் இதனையே ஒரு பொதுவிதியாகக் கொள்வோமாயின், மணி கேட்கவில்லையெனிற் குறை கேட்பவனுடையதே என்றாகிவிடும். பில்லி போன்றோருக்கு ஓசை கேளாதிருப்பது நெஞ்சின் வறட்சியால் அன்று. அவர்கள் தெருவில் மணி ஒலிக்காமையாலேயே.

இனி உருவத்தைப் பற்றியும் சில கூறுதல் வேண்டும். நடிகர்களின் உடலிலும் முகத்திலும் ஒளிதெறிக்கும் சிறு குறிகளைப் பொருத்தி, அவர்தம் அசைவுகளைக் கணினியிற் பதிந்து உருவங்களுக்கு ஊட்டும் முறையில் இப்படம் 16 கோடி டொலருக்கு மேற்பட்ட செலவில் உருவாக்கப்பட்டது. முழுநீளப் படம் ஒன்று முற்றுமுழுதாக இம்முறையில் ஆக்கப்பட்டமை அதுவே முதற்றடவையாகும். உருவங்களின் கண்களில் உயிரில்லை என அக்காலத்து விமர்சகர் பலர் குறைகூறினர். மனித உருவை மிக நெருங்கியும் முற்றாக எட்டாத பொம்மைகள் எம்முள் ஒருவகை அருவருப்பைத் தோற்றுவிக்கும் என ஜப்பானிய அறிஞர் மசஹிரோ மோரி 1970இல் எழுதியமை இங்கு மனங்கொள்ளத்தக்கது. காணாததை நம்பு எனப் போதிக்கும் ஒரு படம், காண்பவனின் கற்பனைக்கு எதனையும் விட்டுவைக்காத ஒரு முறையைத் தேர்ந்துகொண்டமை முரண்நகையாகும். இதற்கு மாறாகப் படத்தின் ஒலிகள் எம்மை எளிதில் வசப்படுத்துகின்றன. புகையிரதத்தின் ஒலிகள், 1941இல் கட்டப்பட்டு மிச்சிகனில் இன்றும் பேணப்படும் ‘பெர் மார்க்கெற் 1225’ என்ற உண்மையான நீராவி இயந்திரத்திலிருந்து பதிவுசெய்யப்பட்டவை. கண் ஐயுறும் இடத்திற் செவி நம்புகின்றது. மணியோசையை மையமாகக் கொண்ட ஒரு கதைக்கு இது பொருத்தமே.

1982இல் பிரித்தானியாவில் ஆக்கப்பட்ட ‘த ஸ்னோமன்’ என்ற குறும்படத்தை இதனோடு ஒப்பிடலாம். ரேமண்ட் பிரிக்ஸின் 1978ஆம் ஆண்டுச் சித்திர நூலைத் தழுவிய அப்படமும் மூலத்தில் இல்லாத நத்தார் தாத்தாவையும் வடதுருவத்தையும் சேர்த்துக்கொண்டதுதான். வண்ணக்கோல் தீற்றல்களாகவே நின்று அசையும் அதன் ஓவியங்கள் தம்மை மெய்யுலகெனக் காட்டிக்கொள்ள முயல்வதில்லை. விடிந்ததும் பனிமனிதன் உருகிப்போய்விடுகின்றான். சிறுவனின் சட்டைப்பையிற் கழுத்துத்துணி மட்டும் எஞ்சுகின்றது. அத்துணி நடந்தவை மெய்யெனச் சாட்சியுரைக்கின்றது, இழப்பை ஈடுசெய்வதில்லை. வியப்பும் துயரும் ஒருங்கே பிள்ளையின் கையில் ஒப்படைக்கப்படுகின்றன. ‘த போலர் எக்ஸ்பிரஸ்’ தரும் மணியோ ஆறுதலை மட்டுமே தருகின்றது.

சிறுவர் படமொன்றில் வர்க்கத்தையும் நியாயத்தையும் தேடுவது பொருந்துமா எனச் சிலர் வினவக்கூடும். பில்லியைக் கடைசிப் பெட்டியில் அமர்த்தியவர்கள் நாமல்லர் என்பதே அதற்கு விடை. மேலும், இப்படத்தின் உயர்வும் அவனைச் சுற்றியே அமைந்துள்ளது. ஓடும் வண்டியைப் பிடிக்க முடியாது பில்லி பனியில் விழுந்தபோது அவசரத் தடையை இழுத்து வண்டியை நிறுத்துபவன் கதாநாயகனே. அவனுக்குச் சூடான சொக்கலேட் பானம் கொண்டு செல்பவள் அச்சிறுமியே. வடதுருவத்தில் அனைவரும் இறங்கிச் சென்ற பின்னரும் அவனைத் தனியே விட மனமின்றித் திரும்பி வருபவர்களும் இவ்விருவருமே. பில்லி சார்ந்து நிற்கத்தக்கவர் யார் என்பதற்குப் படத்தின் நிகழ்ச்சிகள் தெளிவான விடை தருகின்றன; அவர்கள் அவனுடைய சகபயணிகள். படம் வாய்திறந்து கூறும் விடையோ பரிசுப்பொதியோடு வரும் ஒரு முதியவர். செயலாற் சொன்னதைச் சொல்லால் மறைத்துவிட்டது இப்படம்.

பிள்ளைப்பருவத்து வியப்பைப் பேணுதல் நற்பணியென்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால், அவ்வியப்பு சில வீடுகளில் மட்டுமே முதுமைவரை நிலைப்பதும், வேறு சில வீடுகளில் ஏழு வயதிலேயே வற்றிப்போவதும் ஏன் என்பதைச் சிந்தியாத கலை பாதி வழியிலேயே நின்றுவிடுகின்றது. ‘த போலர் எக்ஸ்பிரஸ்’ படத்தில் என் நெஞ்சில் நிலைத்தது மணியின் ஓசையன்று. ஒரு பிள்ளைக்காக இன்னொரு பிள்ளை இழுத்த தடையினால், ஓடிக்கொண்டிருந்த அப்பெரிய வண்டி கிறீச்சிட்டு நின்ற ஓசையே. அது நம்பாதார்க்கும் கேட்கின்றது.