நெஞ்சும் இருதயமும்: ஒரு வினாக்கொத்தின் மொழிமாற்றம்

நோயை அளத்தல் வேறு. நோய் பற்றிய அச்சத்தை அளத்தல் வேறு. இருதயத் துடிப்பைக் கருவி காட்டும். அத்துடிப்பு நின்றுவிடுமோ என்னும் ஏக்கத்தை நோயாளியின் வாய்ச்சொல்லே காட்டுதல் வேண்டும். அவ்வேக்கத்தை அளத்தற்பொருட்டுக் கியோர்க் ஐஃபெர்ட் என்பாரும் உடனாய்வாளரும் 2000ஆம் ஆண்டில் ஆங்கில வினாக்கொத்து ஒன்றை வெளியிட்டனர். அதன்கண் 18 கூற்றுக்கள் உள. அச்சம், தவிர்ப்பு, உடற்கவனம் என்னும் மூன்று பிரிவுகளில் அவை அடங்கும். 'ஒருபோதும் இல்லை' என்பதற்குச் சுழியும், 'எப்பொழுதும்' என்பதற்கு 4 புள்ளியும் வழங்கப்படும்.

இத்தகைய கருவியைப் பிறமொழிக்குக் கொணர்வோர் மீள்மொழிபெயர்ப்பு முறையைப் பெரிதும் நம்புவர். ஒருவர் பெயர்த்ததை மற்றொருவர் மூலமொழிக்கு மீட்டுப் பெயர்க்க, இரண்டையும் ஒப்புநோக்குவதே இம்முறை. ரிச்சட் பிரிஸ்லின் 1970இல் இதனை விரித்துரைத்தார். முறை நன்றே, எனினும் அது முற்றும் போதுமானதன்று.

பொத்துவில் முதல் கல்முனை ஈறாகவுள்ள கரையோரத்தை எடுத்துக்கொள்க. 'நெஞ்சு படபடக்கிறது' என்று தமிழ் பேசும் முஸ்லிம் மூதாட்டியொருத்தி கூறின், அது துடிப்பின் விரைவோ, மகனைக் கடலுக்கு அனுப்பிய தாயின் கவலையோ? திருக்குறளில் நெஞ்சொடு கிளத்தல், நெஞ்சொடு புலத்தல் என இரண்டு அதிகாரங்கள் உள. ஆண்டு நெஞ்சு என்பது மனமேயாம். 'கல்பு' என்னும் அறபுச் சொல்லோ இருதயத்தையும் ஈமான் உறையும் இடத்தையும் ஒருங்கே குறிக்கும். இருமொழி வல்லார் 'நெஞ்சு' என்பதை ஆங்கிலத்தில் இருதயம் என்றே மீட்டுத் தருவர். தாள் பிழையின்றித் தோன்றும். பிழை நோயாளியின் செவியில் நிகழும். தாய்லாந்து மொழியிலும் 'ஜை' என்பது உள்ளத்தையும், 'ஹுவா ஜை' என்பது உறுப்பையும் குறிக்குமாதலின், ஆண்டு மொழிபெயர்ப்போர்க்கும் இவ்விடர் புதிதன்று.

சொல்லினும் பெரிய இடர் வாழ்க்கைமுறையில் உளது. வியர்வை தரும் செயல்களைத் தவிர்த்தல் இவ்வளவையில் அச்சத்தின் அறிகுறியாகும். வெயிலில் வலையிழுத்து அன்றாடம் உண்பவன் 'தவிர்ப்பதில்லை' என்பான். அது அஞ்சாமையன்று, வறுமை. நோன்பு மாதத்துப் பகலில் ஓய்ந்திருப்பவன் 'இயன்றவரை ஓய்வாயிருக்கிறேன்' என்பான்; அது அச்சமன்று, வழிபாட்டொழுக்கம். முன்னவனுடைய பயம் சுழியாகவும், பின்னவனுடைய ஒழுக்கம் நோயாகவும் பதிவாகும். பரிசோதனையில் குறையில்லை எனக் கேட்டும் இரவெல்லாம் உறங்காதவனை ஆறுதலின்றி வீட்டுக்கு அனுப்பும் கேடு இத்தகைய எண்களால் விளையக்கூடும்.

அங்ஙனமாயின் வினாக்கொத்தைக் கைவிடுவதா? அன்று. எண்ணின்றி ஒப்பீடு இல்லை. ஒப்பீடின்றிச் சிகிச்சையின் பயனை அறிதல் அரிது. ஒவ்வொரு கூற்றையும் நோயாளர் சிலரிடம் வாசித்து, 'இதனை எவ்வாறு விளங்கிக்கொண்டீர்?' என அவர்தம் சொல்லிலேயே கூறச் செய்தல் வேண்டும். பொருள் பிறழுமிடத்துச் சொல்லை மாற்றுதலும், வாழ்க்கைக்குப் பொருந்தாவிடத்துக் கூற்றையே மாற்றுதலும் வேண்டும். போரும் சுனாமியும் கண்ட இலங்கை மக்களின் வாய்மொழிகளை அடிப்படையாகக் கொண்டு உளநிலை அளவையொன்றைக் கைத்ரி பெர்னாண்டோ 2008இல் வெளியிட்டமை இதற்கு நல்வழி காட்டும்.

மொழிபெயர்ப்பாளன் முதலிற் கற்கவேண்டிய நூல் நோயாளியின் பேச்சேயாம்.