ஒத்திகைத் தாளும் அரங்கேற்றத் தாளும்

கருப்பு வெள்ளை இருட்டறையில் ஒரு வழக்கம் வேதவாக்குபோல் நிலைத்துவிட்டது: பழகவும் சோதிக்கவும் பிளாஸ்டிக் பூச்சுள்ள ஆர்.சி. தாள், கண்காட்சிக்கும் விற்பனைக்கும் ஃபைபர் தாள். இதில் பாதி நியாயம் உண்டு. மீதி, பழைய பயம்.

அந்தப் பயம் சும்மா வந்ததல்ல. 1970களில் பரவிய ஆர்.சி. தாளில் காகிதத்தின் இரு பக்கமும் பாலிஎத்திலீன் பூச்சு இருந்தது. ஒளியுணரும் எமல்ஷன் படலத்துக்கு அடியில் இருந்த பூச்சில் வெண்மைக்காக டைட்டானியம் டைஆக்சைடு கலந்தார்கள். வெளிச்சம் பட்டபோது அந்த நிறமியே வினைபுரிந்து பிளாஸ்டிக்கைச் சிதைத்தது. சட்டமிட்டு மாட்டிய படங்களில் வெடிப்பு விழுந்தது, படத்தின் வெள்ளி அரிக்கப்பட்டுப் புள்ளிகள் தோன்றின. பிறகு நிலைப்படுத்தும் பொருள்களைச் சேர்த்துக் குறையைப் பெரிதும் களைந்தார்கள். தாள் திருந்தியது, கெட்ட பெயர் போகவில்லை.

ஃபைபரின் பெருமையும் பொய்யில்லை. காகிதத்துக்கும் எமல்ஷனுக்கும் இடையே பேரியம் சல்பேட் படலம். காற்றில் உலர்ந்த கிளாஸி தாளில் கண்ணைக் கூசவைக்காத மினுமினுப்பு. ஆனால் பிளாஸ்டிக் பூச்சில்லாத அதன் நார்கள், படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ கரைசலையும் குடித்துவிடும். ஆர்.சி. பிரின்டுக்கு ஓடும் நீரில் இரண்டு நிமிடம் போதும் என்கிறது தாள் தயாரிக்கும் இல்ஃபோர்டு நிறுவனம். கழுவலை விரைவாக்கும் துணைக் கரைசல் இல்லாமல் ஃபைபரைக் கழுவ ஒரு மணி நேரம் ஆகும். தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் ஊரில் இது சின்னக் கணக்கல்ல. அரைகுறையாகக் கழுவிய ஃபைபர் பிரின்ட் காலப்போக்கில் பழுப்பேறும். நூறாண்டுத் தாளை வாங்கிவிட்டுக் கழுவலில் மிச்சம் பிடிப்பவரை என்னவென்று சொல்வது?

வழக்கத்தின் பெரிய ஓட்டை ஒத்திகையில்தான் இருக்கிறது. இரண்டு பெட்டியிலும், ஃபில்டரால் கான்ட்ராஸ்டை மாற்றக்கூடிய தாள் என்ற பொருளில் 'மல்ட்டிகிரேடு' என்றே போட்டிருக்கலாம். ஒரே ஃபில்டருக்கு இரண்டு தாளும் ஒரே கான்ட்ராஸ்ட் தரும் என்பது நிச்சயமில்லை, வேகமும் மாறும். ஈரத்தில் பளிச்சென்று தெரிந்த ஃபைபர் பிரின்ட் உலர்ந்ததும் சற்று இருண்டுவிடும், ஆர்.சி.யில் அந்த மாற்றம் குறைவு. எங்கே மறைத்து வெளிச்சத்தைக் குறைப்பது, எங்கே கூட்டுவது என்ற திட்டத்தை ஆர்.சி.யில் தீர்மானிக்கலாம். விநாடிக் கணக்கை அங்கிருந்து எடுத்துவர முடியாது.

ஃபைபரா ஆர்.சி.யா என்ற சண்டையைவிட முக்கியமான மாற்றம் 1940இலேயே நடந்துவிட்டது. அந்த ஆண்டு இல்ஃபோர்டு வெளியிட்ட மல்ட்டிகிரேடு தாள், ஒவ்வொரு கான்ட்ராஸ்ட் கிரேடுக்கும் ஒரு பெட்டி வைத்திருக்கும் தேவையைக் குறைத்தது: மஞ்சள் ஒளிக்குக் கான்ட்ராஸ்ட் குறையும், மெஜந்தாவுக்குக் கூடும். மங்கலான நெகட்டிவைக் காப்பாற்ற இன்றும் இதுவே முதல் வழி. 2005இல் கோடாக் கருப்பு வெள்ளைத் தாள் உற்பத்தியைக் கைவிட்ட பிறகு, தேர்வு என்பது பெரும்பாலும் இல்ஃபோர்டு, செக் நாட்டு ஃபோமா போன்ற சில பெயர்களுக்குள் சுருங்கிவிட்டது.

படம் எங்கே போகிறது என்று பார்த்துத் தாள் வாங்குவதே புத்திசாலித்தனம். ஸ்கேன் செய்து அச்சுக்குப் போகும் படத்துக்குச் சுருளாத, தட்டையான ஆர்.சி. போதும். கண்ணாடிக்குப் பின்னால் போனால் இரண்டின் மினுமினுப்பு வேறுபாடு பெரும்பாலும் தெரியாது. கையில் எடுத்துப் பார்க்கும் தொகுப்புக்கு ஃபைபர் செலவு தகும். அப்போதும் ஃபைபர் தாள் ஒன்றையே கீற்றுகளாக வெட்டிச் சோதித்து, உலரவிட்டு, அதன் பிறகு நேரத்தை முடிவுசெய்வது நல்லது.